பழைய கேசட் கேமுக்கும் புதிதாக எழுதிய கேமுக்கும் ஒரே தராசா?

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அப்பா வச்சிருந்த டிவி கேம் மெஷின் பரண்ல கெடச்சுது. காண்ட்ரா, மரியோ, டேங்க் மாதிரி பழைய கேமுக்கும், அதே மெஷினுக்காக இப்போ புதுசா எழுதற ஹோம்ப்ரூ கேமுக்கும் தமிழ்ல விமர்சனம் எழுதலாம்னு இருக்கேன். ரெண்டையும் ஒரே தராசுல வைக்கலாமா? பத்துக்கு இத்தனைன்னு மார்க் போடணுமா? என் ரூம்மேட் ஒரு கேம் பண்ணினு இருக்கான், தமிழ் எழுத்து வர்ற மாதிரி. அதையும் எழுதலாமா?"

தம்பி, ஒரே தராசில்தான் வைக்க வேண்டும். பழைய கேம் என்றால் "நம்ம சின்ன வயசு" என்று ஒரு சலுகை, புது கேம் என்றால் "ஒருத்தரே உக்காந்து எழுதியிருக்கார், பாவம்" என்று இன்னொரு சலுகை. இரண்டையும் விட்டால்தான் படிக்கிறவருக்கு உங்கள் எழுத்து பயன்படும். ஆனால் தராசைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் ஆடியது எந்த கேம், எந்த மெஷினில், என்ன வேகத்தில் என்பது முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். நானும் விழுந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் சைதாப்பேட்டையில் (வேலூர் சைதாப்பேட்டையைச் சொல்கிறேன்) ஒரு வீட்டு முன்னறையில் நான்கு டிவி போட்டு மணிக்கணக்கில் கேம் ஆட விடுவார்கள். என் காண்ட்ரா அங்கே பழகியது. அருவி ஸ்டேஜ் வரை ஒரு லைஃப் கூட விடமாட்டேன் என்று பெயர் எடுத்திருந்தேன். பிறகு டிவி ரிப்பேர், கேம் மெஷின் ரிப்பேர் என்று அதிலேயே என் பிழைப்பு ஓடியது. பல வருஷம் கழித்து ராணிப்பேட்டை நண்பர் ஒருவர் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் (பழைய மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) போட்டு அதே காண்ட்ராவைக் காட்டினார். இரண்டாவது ஸ்டேஜ் தாண்டுவதற்குள் மூன்று லைஃபும் போய்விட்டது. "இன்னாப்பா இது, கேம் இப்டி பறக்குது, எமுலேட்டர் சரியில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். எமுலேட்டரில் குறை எதுவும் இல்லை. நான் சிறு வயது முழுக்க ஆடியதுதான் மெதுவான காண்ட்ரா.

காரணம் டிவியில் இருக்கிறது. நம் டிவி கேம் மெஷின்களுக்கெல்லாம் மூலமான நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வந்தது. அங்கே டிவி படம் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். அந்த மெஷினின் கேம்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த 60ஐ நம்பித்தான் எழுதப்பட்டவை. ஒரு படம் வந்தால் மரியோ ஓர் அடி நகர்வான், பாட்டு ஒரு படி நகரும். நம் நாட்டு டிவி பி.ஏ.எல். முறை, விநாடிக்கு 50 படம். இந்த வகை டிவிக்கென்று தைவான் சிப் போட்டு வந்த குளோன் (நகல்) மெஷின்களில் கேமைத் திருத்தாமல் அப்படியே ஓட்டினார்கள். அதனால் எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகம்தான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த குளோன்களின் பிராசஸர் 1.77 மெகாஹெர்ட்ஸ், ஜப்பான் மெஷினில் 1.79. ஆகவே பாட்டின் சுருதி ஏறக்குறைய அப்படியே இருக்கும், தாளம் மட்டும் இழுபடும். சில குளோன் சிப்களில் இசையை உண்டாக்கும் சதுர அலையின் இரண்டு அளவுகள் இடம் மாறிக் கிடப்பதால் இசையின் குரலே வேறாக இருக்கும். "ஒரிஜினல் மியூசிக் இப்டி இல்லையே" என்று ஒருவர் சொன்னால் அவர் காதில் குறையில்லை, அவர் வளர்ந்த மெஷின் வேறு.

உங்கள் பரண் மெஷின் எந்த வகை என்று கண்டுபிடிக்க மீட்டர் எதுவும் வேண்டாம். மரியோவின் முதல் ஸ்டேஜைப் போட்டு, எந்த பட்டனையும் தொடாமல் நில்லுங்கள். அங்கே எதிரி வந்து இடிக்க மாட்டான். மேலே டைம் 400லிருந்து இறங்கும். செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து 400லிருந்து 300 வரை எண்ணுங்கள். அந்த டைம் நிஜ விநாடி இல்லை, 24 படத்துக்கு ஒன்று குறையும். 60 பட மெஷினில் 100 எண்ணிக்கைக்கு 40 விநாடி ஆகும், 50 பட மெஷினில் 48 விநாடி. என் கடைக்கு வரும் ஒவ்வொரு மெஷினுக்கும் நான் முதலில் செய்வது இதைத்தான். உங்கள் விமர்சனத்தின் முதல் வரியே "இதை 50 பட குளோனில் ஆடினேன்" அல்லது "எமுலேட்டரில் 60இல் ஆடினேன்" என்று இருக்கட்டும். அது தெரியாமல் "சுலபம்", "கஷ்டம்" என்று எழுதினால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை.

அடுத்தது கேசட். போன மாதம் ஒரு அம்மா மகனுடைய பழைய கேசட்டைக் கொண்டுவந்தார். லேபிளில் 99,99,999 கேம் என்று போட்டிருந்தது. திருகைக் கழற்றி மஞ்சள் டப்பாவைத் திறந்தால் உள்ளே தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை, நடுவில் தார் சொட்டியது போல ஒரு கறுப்பு பிசின் உருண்டை, ஓரத்தில் 60 பின். சிப்புக்கு உடம்பே கிடையாது, அந்த உருண்டைக்கு அடியில் சில்லு நேராகப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே இருந்ததும் சில கேம்கள்தான். அவற்றையே எந்த ஸ்டேஜில் தொடங்குவது, எத்தனை லைஃப், எந்தத் துப்பாக்கி என்று மாற்றி மாற்றி லட்சக்கணக்கான வரிசையாகக் காட்டுகிறது. ஆகவே உங்கள் கேசட்டில் "காண்ட்ரா" என்று இருப்பது கொனாமி 1988இல் வெளியிட்ட காண்ட்ரா தானா என்று பாருங்கள். ஜப்பான் பதிப்பில் முதல் ஸ்டேஜ் மரங்களின் ஓலை அசையும், பனி ஸ்டேஜில் பனி விழும், ஸ்டேஜுக்கு நடுவே வரைபடம் வரும். அமெரிக்கப் பதிப்பில் இவை கிடையாது. டேங்க்கும் அப்படித்தான். நம்கோவின் 1985 பேட்டில் சிட்டி ஒன்று, அதை யாரோ திருத்தி "டேங்க் 1990" என்று சுற்றில் விட்டது இன்னொன்று. யாரோ ஒருவர் செய்த குழப்பத்துக்கு நம்கோவின் ஆட்களைத் திட்டி எழுதிவிடக் கூடாது.

பின்னில் அழுக்கு இருந்தால் வாயால் ஊதாதீர்கள். நாமெல்லாம் ஊதித்தான் வளர்ந்தோம், ஆனால் எச்சில் ஈரம் பட்டுப் பட்டு பின்னில் களிம்பேறுகிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை பஞ்சு சுற்றிய குச்சியில் தொட்டுத் துடைத்து, காய விட்டுப் போடுங்கள்.

டிவி விஷயத்தில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. 2006க்குப் பிறகு அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த 14 இன்ச் கலர் டிவி இன்னும் நம் ஊர்ப் பரண்களில் கிடக்கிறது. உங்கள் தெருவில் கேட்டாலே ஒன்று கிடைக்கும். இந்த கேம்கள் அந்தப் படக்குழாய்க்காக வரையப்பட்டவை. எல்.இ.டி. டிவி படத்தை வாங்கி, பெரிதாக்கி, பிறகு காட்டுகிறது. அந்தத் தாமதத்தில் நீங்கள் தாவச் சொன்ன நேரமும் அவன் தாவும் நேரமும் விலகிவிடும். "கன்ட்ரோல் சரியில்லை" என்று நான் படித்த பல விமர்சனங்களில் குற்றவாளி டிவிதான். துப்பாக்கியை வைத்து ஆடும் டக் ஹன்ட் எல்.இ.டி.யில் ஓடவே ஓடாது. நீங்கள் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையிலுள்ள கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் அடி விழுந்ததாகக் கணக்கு. அந்த ஒரு கணத்தைப் புது டிவி தவறவிட்டுவிடும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று என்னிடம் வந்தவர்கள் பலருக்கும் பழைய டிவியை மாட்டித்தான் காட்டினேன்.

இனி விமர்சனத்துக்கு வருகிறேன். கேமில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போடுவது சுலபம், அதை கேசட் உறையே செய்துவிடும். ஆடும்போது விரலுக்கும் கண்ணுக்கும் நடுவே என்ன நடக்கிறது, ஏன் அது நன்றாக இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். டேங்க்கையே எடுத்துக்கொள்வோம். 35 ஸ்டேஜ், ஒவ்வொன்றிலும் 20 எதிரி டேங்க், கீழே நடுவில் செங்கல் சுற்றிய கழுகு. இதுவரை யாரும் எழுதலாம். நான் எழுதினால் குண்டைப் பற்றித் தொடங்குவேன். ஆரம்பத்தில் உங்கள் டேங்க் ஒரு நேரத்தில் ஒரு குண்டுதான் விடும். அது எங்காவது மோதி அழிந்தால்தான் அடுத்தது வரும். தூரத்திலிருந்து சுட்டால் குண்டு போய்ச் சேரும் வரை நீங்கள் நிராயுதபாணி. எதிரிக்கு மூக்கோடு மூக்கு நின்று சுட்டால் குண்டு உடனே அழிந்து, டபடபவென்று அடுத்தடுத்து வரும். பாதுகாப்பாக இருக்க வேண்டுமா, வேகமாகச் சுட வேண்டுமா என்ற கேள்வியை அந்த ஒரே விதி ஒவ்வொரு விநாடியும் கேட்கிறது. நட்சத்திரம் எடுத்தால் முதலில் குண்டு வேகமாகிறது, பிறகு இரண்டு குண்டு, பிறகு இரும்பையும் உடைக்கிறது. ஆக அந்தக் கேள்வியின் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. செத்தால் எல்லாம் போய் மறுபடியும் ஒற்றைக் குண்டு. அதோடு, இரண்டு பேர் ஆடும்போது கூட்டாளி மேல் குண்டு பட்டால் அவர் சற்று நேரம் உறைந்து நிற்பார், நம் குண்டே நம் கழுகையும் உடைக்கும். அண்ணன் தம்பி சண்டை அத்தனைக்கும் வழி செய்த இந்த இரண்டு விதிகளும் இல்லையென்றால் டேங்க் பாதி கேம்தான்.

இதே கேமில் எனக்குப் பிடிக்காததையும் எழுதுவேன். பல ஸ்டேஜ்கள் ஒன்றுபோல் இருக்கின்றன. 35இல் பாதியை எடுத்துவிட்டாலும் எதுவும் குறையாது. சிறு வயதில் இது தெரியவில்லை, ஏனென்றால் கரண்ட் போய்விடும். பத்தாவது ஸ்டேஜைத் தாண்டுவதற்குள் மறுபடியும் முதலிலிருந்து. அதனால்தான் கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் வளர்ந்த நான் ஒவ்வொரு விமர்சனத்திலும் ஒரு தடவை முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எழுதிவிடுவேன். காண்ட்ரா 8 ஸ்டேஜ், கை பழகினால் அரை மணி நேரம். அந்த அளவு எனக்கு அதன் மிகப் பெரிய பலமாகத் தெரிகிறது.

திரையில் ஆள் மினுங்குவதைக் குறை என்று எழுதுமுன் ஒன்று யோசியுங்கள். அந்த மெஷின் ஒரு கிடைக்கோட்டில் 8 சின்னப் படங்களைத்தான் காட்டும். ஒன்பதாவது மறைந்துவிடும். எழுதியவர்கள் வரிசையை மாற்றி மாற்றிக் கொடுத்து, எதுவும் முழுசாக மறையாமல் எல்லாமே கொஞ்சம் மினுங்கும்படி செய்தார்கள். மினுங்குவதால் ஒரு குண்டைப் பார்க்க முடியாமல் செத்தீர்களா? அப்போது எழுதுங்கள். வெறுமனே கண்ணுக்கு உறுத்தியது என்றால் விட்டுவிடலாம்.

இந்த வரம்புதான் ஹோம்ப்ரூவை எடைபோட நமக்கு இருக்கும் நல்ல அளவுகோல். ஜெர்மனியின் மார்ஃப்கேட் கேம்ஸ் 2019இல் வெளியிட்ட மைக்ரோ மேஜஸ் என்ற கேமைக் கட்டாயம் ஆடிப் பாருங்கள். மொத்தம் 40 கிலோபைட். 1985இன் சூப்பர் மரியோ பிரதர்ஸும் அதே 40 கிலோபைட்தான், 32 நிரலுக்கு, 8 படத்துக்கு. அந்த இடத்துக்குள் நான்கு பேர் சேர்ந்து கோபுரம் ஏறும் ஆட்டத்தை அடைத்திருக்கிறார்கள். ஆள் ஏன் அவ்வளவு குட்டி? நான்கு பேர் ஒரே கோட்டில் நின்றாலும் அந்த 8 என்ற வரம்பைத் தாண்டக் கூடாது. கோபுரத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஏன் கண்ணாடி போல ஒத்திருக்கின்றன? பாதியை மட்டும் சேமித்து, மீதியைத் திருப்பி வரைகிறார்கள். மரியோவில் மேகமும் புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு என்று கவனித்திருக்கிறீர்களா? அதே சிக்கனம். இந்தச் சிக்கனத்தை மட்டும் மெச்சி விமர்சனத்தை முடித்துவிடாதீர்கள். கேமாக எப்படி? என் கணக்கில், சுவரில் ஒட்டித் தாவும் அந்தத் தாவல் ஒன்றுக்காகவே அது பழைய கேம் பலவற்றைவிட மேல். தனியாக ஆடினால் சீக்கிரம் ஆறிப்போகும், இரண்டு பேராவது வேண்டும்.

எல்லா ஹோம்ப்ரூவும் இந்த வரம்பில் எழுதப்படுவதில்லை. இப்போது 512 கிலோபைட் கேசட் பலகைகூடக் கிடைக்கிறது. அதில் எழுதிய கேமை மரியோவோடு ஒப்பிட்டு "எவ்வளவு பெரிய உலகம்" என்று வியப்பது நியாயமில்லை. எவ்வளவு இடத்தில் எழுதினார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். நின்டெண்டோவின் கையடக்க மெஷினான கேம்பாய் பக்கம் போனால் டோபு டோபு கேர்ள் (2017) இலவசம், அதன் நிரலும் திறந்தே கிடக்கிறது. ஒரு கேம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அதைத்தான் காட்டுவேன். காசுக்கு விற்பதைக் காசு கொடுத்து வாங்குங்கள். அதை எழுதியவர் இன்றும் உட்கார்ந்து அடுத்த கேமை எழுதிக்கொண்டிருக்கிறார்.

ரூம்மேட் கேமைப் பற்றி எழுதலாமா என்றால், எழுதலாம், நண்பர் என்று முதலிலேயே சொல்லிவிட்டு. அதற்கு முன் அதை நிஜ மெஷினில் ஓட்டச் சொல்லுங்கள். எமுலேட்டரில் மெமரி சுத்தமாகப் பூஜ்ஜியத்தில் தொடங்கலாம், நிஜ மெஷினில் சுவிட்சைப் போட்டதும் அந்த 2 கிலோபைட் மெமரியில் என்ன குப்பை கிடக்கும் என்று சொல்ல முடியாது. பூஜ்ஜியத்தை நம்பி எழுதிய கேம் அங்கே தலைப்புத் திரையிலேயே நின்றுவிடும். மெசன் எமுலேட்டரில் தொடக்க மெமரியைக் கலைத்துப் போட வசதி இருக்கிறது, 50 பட குளோன் போல ஓட்டவும் வசதி இருக்கிறது. இரண்டையும் போட்டு ஒரு தடவை ஆடிப் பாருங்கள்.

அவர் தமிழ் எழுத்து வைக்கிறார் என்றீர்களே, அதைப் படித்ததும் ஒரு தாள் எடுத்துக் கணக்குப் போட்டேன். இந்த மெஷினில் பின்னணிக்கு ஒரு நேரத்தில் 256 ஓடுகள் (சின்னக் கட்டங்கள்), ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டு புள்ளி. எட்டுப் புள்ளி உயரத்தில் "ஞீ" எழுத முடியாது, இரண்டு ஓடு உயரமாவது வேண்டும். கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு நான்கும் தனியாக நிற்பவை, ஒரு தடவை வரைந்தால் போதும். ஆனால் இகரமும் உகரமும் மெய்யோடு ஒட்டி உருவத்தை மாற்றிவிடும். ஆகவே க, க், கி, கீ, கு, கூ என்று ஒரு மெய்க்கு ஆறு உருவம், 18 மெய்க்கு 108. உயிர் 12, கொம்பு வகை 4, ஆய்தம் 1. மொத்தம் 125 உருவம், இரண்டு ஓடு வீதம் 250. மிச்சம் 6 ஓடு! எண்களுக்கே இடமில்லை, சுவர் வரைய எங்கே போவது? எட்டுப் புள்ளி அகலத்தில் "ண" படிக்கும்படி வருமா என்பது அடுத்த தலைவலி. அதனால் உங்கள் நண்பர் முதலில் கேமில் வரும் வசனம் முழுவதையும் எழுதி, அதில் எந்தெந்த எழுத்து நிஜமாக வருகிறது என்று எண்ணி, அவற்றை மட்டும் வரைய வேண்டியிருக்கும். வசனத்தில் "ஞ" வேண்டாம் என்றால் அந்த வார்த்தையையே மாற்ற வேண்டும். அவர் எப்படிச் சமாளித்தார் என்பதை விரிவாகக் கேட்டு எழுதுங்கள். அதைப் படிக்க நானே காத்திருப்பேன்.

மார்க் வேண்டாம் என்பது என் கருத்து. 1985 டேங்க்குக்கு எட்டு, 2019 மைக்ரோ மேஜஸுக்கு எட்டு என்றால் படிப்பவருக்கு என்ன தெரியும்? அதற்குப் பதில் எப்படி ஆடினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தி அங்கிருந்தே தொடரும் ஸேவ் ஸ்டேட் போட்டீர்களா? குளோன் ஜாய்ஸ்டிக்கின் டர்போ பட்டனை அழுத்திக்கொண்டே காண்ட்ரா ஆடினீர்களா? மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ போட்டு 30 லைஃப் எடுத்தீர்களா? அதில் வெட்கம் எதுவும் இல்லை. அந்த ரகசிய பட்டன் வரிசையை 1986இல் கிரேடியஸ் கேமுக்காக வைத்த கொனாமியின் ஹஷிமோட்டோவே, கேமைச் சோதித்துப் பார்க்கக் கஷ்டமாக இருந்ததால்தான் வைத்தார். எத்தனையாவது ஸ்டேஜ் வரை போனீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஐந்து வரை என்றால் ஐந்து வரை.

முதல் விமர்சனத்துக்கு டேங்க்கையே எடுங்கள், அம்மாவையோ தங்கையையோ இரண்டாவது ஜாய்ஸ்டிக்கோடு பக்கத்தில் உட்கார வைத்து. மெஷினின் மஞ்சள் கம்பி டிவியின் வீடியோ ஓட்டையில், இன்னொன்று ஆடியோவில். டிவியில் ஏவி ஓட்டை இல்லையென்றால் ஏரியல் கம்பியை மாட்டி, படம் தெரியும் வரை சேனலை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். இந்த வெயிலில் அடாப்டர் சீக்கிரம் சூடேறும், அதைத் தரையில் துணி மேல் வைக்காமல் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். படம் வந்ததும் மரியோவைப் போட்டு, 400லிருந்து 300 வரை எண்ணிவிட்டுத் தொடங்குங்கள்.